ஹாக்கி லீக்கில் சேரச் சொல்கிறார்களா? முதலில் விதித்தாளைக் கேளுங்கள்

செப்டம்பர் நடுவில் கனடாவின் பல அலுவலகங்களில் ஒரு மின்னஞ்சல் சுற்றும். "ஹாக்கி லீக்குக்கு இன்னும் ஒரு ஆள் வேண்டும். 40 டாலர். யார் வருகிறீர்கள்?" மட்டை பிடித்து ஆட அல்ல, நிஜ ஆட்டக்காரர்களை வைத்துக் கற்பனை அணி நடத்தும் ஃபேன்டஸி பந்தயத்துக்கு. புதிதாக இந்த ஊருக்கு வந்தவர்கள் பெரும்பாலும் நமக்கெதற்கு என்று கடந்துபோய்விடுவார்கள். டொராண்டோவில் என் இரண்டாவது குளிர்காலத்தில் நான் கை தூக்கினேன். மதியச் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் ஹாக்கியே பேச, டப்பாவில் இருக்கும் தயிர்சாதத்தையே எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? 12 பேரில் பன்னிரண்டாவதாக முடித்தேன். ஆட்டக்காரர்களின் பெயர்களை மனப்பாடம் செய்த நேரத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி, லீக்கின் விதித்தாளைப் படித்திருந்தால் ஏழாவதாகவாவது வந்திருப்பேன். இப்போது அந்த விதித்தாளை வைத்திருப்பதே நான்தான்.

ஹாக்கி என்றால் நமக்கு வாசுதேவன் பாஸ்கரனும் தன்ராஜ் பிள்ளையும். இங்கே அந்தச் சொல்லுக்கு ஐஸ் ஹாக்கி என்று மட்டும்தான் பொருள். இன்னொன்று, இந்தப் பந்தயத்துக்குக் கனடாக்காரர்கள் சொல்லும் ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழில் எழுதினால் வீட்டில் அடி விழும். அதனால் லீக் என்றே வைத்துக்கொள்வோம்.

என்ன விளையாட்டு இது

என்எச்எல், அதாவது வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கிப் போட்டியில் 32 அணிகள். அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை ஒவ்வொரு அணிக்கும் 82 ஆட்டங்கள் (2026-27 முதல் 84). ஃபேன்டஸி லீக்கில் நீங்களும் இன்னும் பத்துப் பதினோரு பேரும் அந்த 32 அணிகளின் ஆட்டக்காரர்களைப் பங்கு போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு கற்பனை அணி வைத்திருப்பீர்கள். உங்கள் ஆள் நிஜத்தில் கோல் போட்டால் உங்களுக்குக் கணக்கு.

ட்ரீம்11 ஆடியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே ஒரு ஆட்டத்துக்கு ஒரு அணி. கோலியை, அதாவது விராட்டை, லட்சம் பேர் எடுக்கலாம். இங்கே ஹாக்கி நட்சத்திரம் கானர் மெக்டேவிட் ஒருவரிடம் இருந்தால் மற்ற பதினோரு பேருக்கும் அவர் கிடையாது. ஆறு மாதம் அதே அணியோடு குடித்தனம் நடத்த வேண்டும். பண்டமாற்று செய்யலாம், ஆளை வெளியேற்றலாம், புது ஆளைச் சேர்க்கலாம். ஆனால் எதற்கும் ஒரு விதி உண்டு, அந்த விதிக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு சண்டை உண்டு.

அந்தக் காலத்தில் எளிமையாகத்தான் இருந்தது

கணினி வருவதற்கு முன் ஒருவர் நோட்டுப் புத்தகம் வைத்திருப்பார். செய்தித்தாளில் வரும் புள்ளிப்பட்டியலைப் பார்த்து வாரம் ஒருமுறை கூட்டிச் சொல்வார். கோல் போட்டால் ஒன்று, கோலுக்கு வழிசெய்து கொடுத்தால், அதாவது அசிஸ்ட், அதற்கும் ஒன்று. ஒரு கோலுக்கு இரண்டு பேர் வரை அசிஸ்ட் வாங்கலாம். வேறு கணக்கே கிடையாது.

இந்த எளிமையை உடைத்தவர் வெய்ன் கிரெட்ஸ்கி. 1981-82இல் அவர் 92 கோல், 120 அசிஸ்ட், ஆக 212 புள்ளி. இரண்டாவது இடத்தில் இருந்த மைக் பாஸிக்கு 147. அதாவது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசைக்கான சீட்டுக் குலுக்கலில் முதல் இடம் யாருக்கு விழுகிறதோ, அவர் அக்டோபரிலேயே ஜெயித்தாயிற்று. மற்றவர்கள் காசைக் கொடுத்துவிட்டு ஏப்ரல் வரை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அதனால் பல லீக்குகளில் கிரெட்ஸ்கியை இரண்டு ஆளாகப் பிரித்தார்கள்: "கோல் கிரெட்ஸ்கி" ஒருவருக்கு, "அசிஸ்ட் கிரெட்ஸ்கி" இன்னொருவருக்கு. அப்படியும் தீரவில்லை. 1985-86இல் அவர் அசிஸ்ட் மட்டுமே 163. அந்த வருடம் புள்ளிப்பட்டியலில் இரண்டாவதாக வந்த மரியோ லெமியூவின் கோலும் அசிஸ்டும் சேர்ந்தே 141தான். பாதி கிரெட்ஸ்கியே முழு லெமியூவை விடப் பெரிது.

எனக்குப் பிடித்த விதி இதுதான். இன்று எங்கும் நடைமுறையில் இல்லை என்றாலும், லீக் விதிகள் எப்படிப் பிறக்கின்றன என்பதை இதைவிட நன்றாகக் காட்ட முடியாது. ஒருவருக்கு அநியாயமாக லாபம் போகும், மற்றவர்கள் கத்துவார்கள், அடுத்த வருடம் தாளில் ஒரு வரி கூடும்.

படி 1: எந்த வகைக் கணக்கு என்று கேளுங்கள்

இதைக் கேட்காமல் ஒரு ஆட்டக்காரரைக்கூடத் தேடாதீர்கள். மூன்று வகை புழக்கத்தில் இருக்கிறது.

ரோட்டோ என்பது பேஸ்பாலிலிருந்து வந்தது. 1980இல் டேனியல் ஒக்ரென்ட்டும் நண்பர்களும் நியூயார்க்கில் தொடங்கிய லீக்குக்கு, அவர்கள் கூடிச் சாப்பிட்ட லா ரோட்டிசெரி ஃபிரான்செய்ஸ் என்ற உணவகத்தின் பெயரே ஒட்டிக்கொண்டது. சீசன் முழுக்க ஒவ்வொரு பிரிவிலும், அதாவது கோல், அசிஸ்ட், ஷாட் என்று தனித்தனியாக, அணிகளை வரிசைப்படுத்துவார்கள். 12 பேர் என்றால் முதலாமவருக்கு 12, கடைசி ஆளுக்கு 1. எல்லாவற்றையும் கூட்டி அதிகம் பெற்றவர் வெற்றி. பொறுமைசாலிகளுக்கான ஆட்டம்.

நேருக்கு நேர் என்ற வகையில் திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு எதிராளியோடு மோதல். பத்துப் பிரிவு இருந்தால் 6-3-1 என்று முடிவு வரும்: ஆறில் வெற்றி, மூன்றில் தோல்வி, ஒன்று சமம். எங்கள் லீக் இந்த வகை. திங்கட்கிழமை காலை காபி இயந்திரத்தின் பக்கத்தில் யார் யாரைக் கிண்டல் செய்வது என்பது இதில்தான் தெளிவாகும்.

மூன்றாவது, புள்ளிக் கணக்கு. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு மதிப்பு. உதாரணத்துக்கு, கோலுக்கு 3, அசிஸ்டுக்கு 2, ஷாட், ஹிட் (ரப்பர் வட்டான பக்கை வைத்திருக்கும் எதிராளியை உடம்பால் மோதித் தடுப்பது), பிளாக் (எதிராளியின் ஷாட்டைக் குறுக்கே நின்று மறிப்பது) ஒவ்வொன்றுக்கும் அரை என்று ஒரு லீக் வைத்திருக்கிறது. ஒரு நட்சத்திரம் ஓர் இரவில் 1 கோல், 1 அசிஸ்ட், 2 ஷாட் எடுத்தால் 3+2+1, ஆறு. பெயரே கேள்விப்படாத ஒருவர் 1 அசிஸ்ட், 2 ஷாட், 5 ஹிட், 1 பிளாக் எடுத்தால் 2+1+2.5+0.5, அவருக்கும் ஆறு. மறுநாள் செய்தியில் முதலாமவர் படம் மட்டும்தான் வரும். உங்கள் லீக்கின் கண்ணுக்கு இருவரும் ஒன்று. நான் கடைசியாக வந்த வருடம் செய்திப் படங்களைப் பார்த்துத்தான் அணி சேர்த்தேன்.

படி 2: எந்தெந்தப் பிரிவு என்று பாருங்கள்

விதிகள் அதிகம் மாறியிருப்பது இந்த இடத்தில்தான்.

ரொம்ப நாள் வரை பல லீக்குகளில் தண்டனை நிமிடங்கள் ஒரு பிரிவாக இருந்தது. முரட்டாட்டம் ஆடி இரண்டு நிமிடமோ ஐந்து நிமிடமோ வெளியே உட்கார வைக்கப்பட்டால், நிஜ அணிக்கு ஒரு ஆள் குறைவு, அதாவது நஷ்டம். ஃபேன்டஸி அணிக்கோ அது லாபம்! ஃபிலடெல்ஃபியாவின் டேவ் ஷுல்ட்ஸ் 1974-75இல் 472 நிமிடம் அப்படி உட்கார்ந்தார், இன்றும் அதுதான் சாதனை. ஹாக்கியில் சண்டை குறையக் குறைய இந்தப் பிரிவுக்கு ஆள் கிடைப்பது கஷ்டமானது. அந்த இடத்துக்கு ஹிட் வந்து உட்கார்ந்தது. ஹிட்டையும் பிளாக்கையும் என்எச்எல் முறையாக எண்ணத் தொடங்கியதே 1990களின் கடைசியில்தான். நோட்டுப் புத்தகக் காலத்தில் ஆசைப்பட்டாலும் இந்தப் பிரிவை வைத்திருக்க முடியாது. ஒரு சின்ன விவகாரம்: எது ஹிட் என்று முடிவு செய்வது அந்தந்த அரங்கத்தில் உட்கார்ந்திருக்கும் கணக்காளர்கள். சிலர் கை தாராளம், சிலர் கருமி. எந்த அரங்கில் அதிகம் விழுகிறது என்று குறித்து வைத்திருக்கும் ஆட்கள் எங்கள் லீக்கிலேயே இருக்கிறார்கள்.

பிளஸ்-மைனஸ் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் ஆள் களத்தில் இருக்கும்போது அவர் அணி கோல் போட்டால் +1, வாங்கினால் -1. பவர்பிளே கோல், அதாவது எதிரணியில் ஆள் குறைந்திருக்கும்போது போடும் கோல், இந்தக் கணக்கில் சேராது. மோசமான அணியில் இருக்கும் நல்ல ஆட்டக்காரரை இது தண்டிக்கும். நான் இதை ஒழிக்க வேண்டும் என்ற கட்சி. எங்கள் லீக்கில் இன்னும் இருக்கிறது.

பவர்பிளே புள்ளிகள் ஒரு பிரிவாக இருந்தால், ஒவ்வொரு அணியும் ஆள்மிகுதிக்கு அனுப்பும் முதல் ஐந்து பேர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரே அணியில் முதல் ஐந்தில் இருப்பவருக்கும் ஆறாவது ஆளுக்கும் உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்.

படி 3: இடங்களை எண்ணுங்கள்

சென்டர், இடது விங், வலது விங் (இந்த மூன்றும் முன்வரிசை, அதாவது ஃபார்வர்டு), டிஃபென்ஸ், கோலி (விராட் இல்லை, கோல்கீப்பர்). ஒவ்வொரு இடத்துக்கும் எத்தனை பேர் என்று தாளில் இருக்கும். சென்டர்கள் மலிவு, நல்ல விங்குகள் அரிது. ஒருவர் பெயருக்கு எதிரே இரண்டு இடம் போட்டிருந்தால் அவருக்கு ஒரு படி மதிப்பு அதிகம்; ஒருவருக்கு அடிபட்டால் இவரை அங்கே நகர்த்தலாம்.

சான் ஹோசேயின் பிரென்ட் பர்ன்ஸ் 2013-14இல் முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்தார். ஆனால் அவர் அடிப்படையில் டிஃபென்ஸ்காரர், பட்டியல்களிலும் அந்த உரிமை இருந்தது. டிஃபென்ஸ் இடத்தில் ஒரு ஃபார்வர்டை நிறுத்துவது, கபடியில் எட்டாவது ஆளை இறக்குவது மாதிரி. ஆட்டக்காரரின் இடத்தை யார் தீர்மானிப்பது, சீசன் நடுவில் மாறலாமா என்றெல்லாம் லீக்குகள் எழுதி வைக்க வேண்டி வந்தது. யாஹூ, ஈஎஸ்பிஎன், ஃபேன்ட்ராக்ஸ் என்று ஒவ்வொரு தளத்திலும் இந்தப் பட்டியல் வேறுபடும். உங்கள் லீக் எந்தத் தளத்தில் நடக்கிறதோ அதன் பட்டியலை மட்டும் நம்புங்கள்.

படி 4: கோலிகளுக்குத் தனியாக ஒரு மாலை ஒதுக்குங்கள்

லீக்குகள் ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான். வெற்றி, சராசரியாக வாங்கிய கோல், தடுத்த சதவீதம், ஒரு கோலும் வாங்காத ஆட்டம் என்று நான்கு பிரிவுகள் இரண்டு மூன்று பேரின் தலையில்.

2006-07இல் நியூஜெர்சியின் மார்ட்டின் புரோடர் 82இல் 78 ஆட்டம் ஆடினார், 48 வெற்றி. அவரை எடுத்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். இப்போது அணிகள் வேலையை இரண்டு கோலிகளுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. 60 ஆட்டம் ஆடுபவரே பெரிய உழைப்பாளி. அதனால் ஒரு கோலியை எடுக்கும்போது அவருடைய ஜோடி யார், இருவருக்கும் பங்கு எப்படி என்று பார்த்தே எடுங்கள்.

வெற்றி என்ற பிரிவின் பொருளும் மாறியிருக்கிறது. 2004-05 சீசன் சம்பளத் தகராறில் முழுவதுமாக ரத்தானது. திரும்பி வந்தபோது டிரா என்பதே இல்லை. பெனால்டி ஷூட்அவுட்டில் யாராவது ஒருவர் ஜெயித்தாக வேண்டும். 2015-16இல் கூடுதல் நேரம் மூன்றுக்கு மூன்று என்றானது. முன்பு சமனில் முடிந்து யாருக்கும் ஒன்றும் தராத ஆட்டங்கள் இப்போது ஒரு கோலிக்கு வெற்றியைத் தருகின்றன. ஷூட்அவுட்டில் போடும் கோல் மட்டும் ஆட்டக்காரரின் கோல் கணக்கில் ஏறாது. புதியவர்கள் ஒவ்வொரு வருடமும் இதற்காக எனக்குச் செய்தி அனுப்புவார்கள்: "என் ஆள் போட்டாரே, ஏன் காட்டவில்லை?"

அப்புறம் எங்கள் தாளில் உள்ள ஒன்பதாம் விதி. ஒரு நண்பரின் கோலி திங்கட்கிழமை ஒரு கோலும் வாங்காமல் ஜெயித்தார். நண்பர் உடனே தன் கோலிகள் அத்தனை பேரையும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். சராசரி பூஜ்யம், சதவீதம் நூறு. இனி யாரும் ஆடாவிட்டால் அது கெடாது. வாரம் முழுக்க எதிராளி நான்கு ஆட்டம் ஆட வைத்து நான்கு வெற்றி வாங்கியும், கோலிப் பிரிவுகளில் அது ஒன்றைத்தான் பெற்றார். விதிப்படி தவறே இல்லை. ஆனால் எதிராளி இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. அடுத்த வருடத்திலிருந்து, வாரத்துக்குக் குறைந்தது மூன்று ஆட்டம் கோலிகள் ஆடியாக வேண்டும், இல்லாவிட்டால் நான்கு பிரிவும் போச்சு. பல லீக்குகளில் இதே மாதிரி ஒரு வரி இருக்கும். எண்ணை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கோலி விஷயத்தில் எந்த விதியாலும் காப்பாற்ற முடியாத இரவுகளும் உண்டு. 2020 பிப்ரவரி 22, டொராண்டோ. விருந்தாளி அணியான கரோலினாவின் இரண்டு கோலிகளுக்கும் ஒரே ஆட்டத்தில் அடி. அவசரத்துக்கு என்று அரங்கில் இருந்த டேவிட் எய்ரஸ் உள்ளே வந்தார். 42 வயது, ஐஸை மழமழவென்று ஆக்கும் ஸாம்போனி வண்டி ஓட்டியவர். 10 ஷாட்டில் 8 தடுத்தார், கரோலினா 6-3 என்று ஜெயித்தது. வெற்றி அவர் கணக்கில். கரோலினாவின் கோலிகளை நம்பி அந்த இரவு உட்கார்ந்திருந்த ஃபேன்டஸி மேலாளர்களுக்கு நாமம். டொராண்டோ ரசிகர்களிடம் இந்தக் கதையை எடுக்காதீர்கள், இன்னும் ஆறவில்லை.

படி 5: டிராஃப்ட் இரவு

ஆளுக்கொருவராக மாறி மாறி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். பெரும்பாலும் பாம்பு முறை. முதல் சுற்றில் 1 முதல் 12 வரை, அடுத்த சுற்றில் 12 முதல் 1 வரை. முதல் ஆளை எடுத்தவருக்கு அடுத்த வாய்ப்பு 24ஆவது, உடனே 25ஆவது. இடையில் 22 பேர் கைவிட்டுப் போவார்கள், அதனால் ஓரத்தில் விழுந்தவர்கள் இரண்டு இரண்டாகத் திட்டமிட வேண்டும். ஏல முறை லீக்குகளும் உண்டு, முதல் வருடம் அங்கே போகாதீர்கள்.

கையில் ஒரு காகிதம் வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது பெயர் எழுதி, மற்றவர்கள் எடுக்க எடுக்க அடித்துக்கொண்டே வாருங்கள். உங்கள் முறைக்கு ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோதான் கிடைக்கும். அப்போது இணையத்தில் தேட ஆரம்பித்தால் இயந்திரமே யாரையாவது எடுத்துத் தலையில் கட்டிவிடும். அடிபட்டவர் பட்டியலை அன்று மாலை ஒருமுறை பாருங்கள். என் முதல் டிராஃப்டில் நான் பெருமையோடு எடுத்த ஒருவர் கிறிஸ்துமஸ் வரை ஆடப்போவதில்லை என்பது அறையில் எனக்கு மட்டும் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை.

பழைய ஆட்களை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளும் கீப்பர் லீக் என்றால், உங்களுக்கு வருவது விலகிப்போனவரின் அணி. அவர் யாரை விட்டுச் சென்றார் என்று பார்த்துவிட்டே சம்மதியுங்கள். இந்த வகையில் இன்னொரு வியாதி: கடைசி இடத்துக்கு அடுத்த வருடம் முதல் தேர்வு என்றால், ஜனவரியிலேயே சிலர் வேண்டுமென்றே தோற்க ஆரம்பிப்பார்கள். என்எச்எல்லே 1995இல் குலுக்கல் முறைக்கு மாறியதற்கு இந்தச் சந்தேகமும் காரணம். நாங்கள் பிளேஆஃப் வராத அணிகளுக்குள் ஒரு ஆறுதல் போட்டி வைத்து, அதில் ஜெயிப்பவருக்கு முதல் தேர்வு கொடுக்கிறோம்.

படி 6: சீசன் ஓடும்போது

தினமும் ஐந்து நிமிடம் போதும். என்எச்எல் ஆட்டங்கள் செவ்வாய், வியாழன், சனியில் குவியும். அந்த நாட்களில் உங்கள் பெஞ்சிலேயே நல்ல ஆட்கள் வீணாக உட்கார்ந்திருப்பார்கள். திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறுகளில் அதிகம் ஆடும் அணிகளிலிருந்து ஒரு சாதாரண ஆளைச் சேர்த்தாலும் அந்த வாரம் அவர் ஒரு நட்சத்திரத்தின் வேலையைச் செய்வார். இதைக் கண்டுபிடித்த ஒருவர் தினமும் ஆள் மாற்றிக்கொண்டே இருந்ததால்தான் வாரத்துக்கு நான்கு சேர்க்கை என்ற வரம்பு எங்கள் தாளில் ஏறியது.

வெளியேற்றப்பட்ட ஆட்டக்காரர் வெய்வர் என்ற காத்திருப்புப் பட்டியலில் ஓரிரு நாள் நிற்பார். வரிசைப்படி எடுப்பதா, ஆளுக்கு நூறு கற்பனை டாலர் வைத்து மூடிய கவர் ஏலமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டிரேடுக்கு, அதாவது ஆள் பண்டமாற்றுக்கு, யாராவது முதல் வாரமே உங்களிடம் இனிமையாக வந்து பேசினால், அது அன்பு இல்லை. "இரண்டு நாள் கொடுங்கள்" என்று சொல்லிப் பழகுங்கள்.

அடிபட்டவருக்கான தனி இடம் ஐஆர். 2020-21இல் 56 ஆட்டச் சீசனாகச் சுருங்கி, கோவிட் பட்டியலில் பாதி அணி போய்விடுகிற வாரங்கள் வந்தபோது இந்த இடங்களைக் கூட்டிய லீக்குகள் பல, பிறகும் குறைக்கவில்லை. அதற்கு முந்தைய வருடம், 2020 மார்ச் 12 அன்று சீசனே நின்றபோது எங்கள் பிளேஆஃப் தொடங்கவேண்டிய நேரம். பணம் யாருக்கு என்று தாளில் ஒரு வார்த்தை இல்லை. மூன்று மாதம் வாதம் நடந்தது. இப்போது இருக்கிறது: சீசன் பாதியில் நின்றால் அன்றைய தரவரிசைப்படி முதல் மூவருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

உங்கள் லீக்கின் இறுதிப் போட்டி எந்த வாரம் என்பதையும் பாருங்கள். என்எச்எல்லின் கடைசி வாரத்தில் வைத்திருந்தால், பிளேஆஃப் உறுதியான அணிகள் தங்கள் நட்சத்திரங்களுக்கு ஓய்வு கொடுக்கும். ஆறு மாத உழைப்பு ஒரு ஓய்வு நாளில் போகும். ஒரு வாரம் முன்னதாக முடிப்பதே சரி.

விதி மாற்றங்கள் சீசன் நடுவில் கூடவே கூடாது. நாங்கள் ஆகஸ்டில் கூடி, ஓட்டுப் போட்டு, அக்டோபரிலிருந்து நடைமுறைப்படுத்துவோம். ஓட்டு சமமானால் பழைய விதியே தொடரும். 2026-27 முதல் என்எச்எல் சீசன் 84 ஆட்டமாகிறது, அதனால் வார அட்டவணையைத் திருத்த எல்லோரும் கை தூக்கிவிட்டார்கள். பிளஸ்-மைனஸில்தான் இழுபறி: மூன்று வருடமாக 6-6. இந்த முறை ஒருவர் வேலை மாறிப் போகிறார், அவர் வைத்துக்கொள்ளலாம் என்ற பக்கம். அவர் இடத்துக்கு வரும் புதிய பையன் இன்னும் ஒரு ஆட்டம்கூட முழுதாகப் பார்த்ததில்லை. அதற்குள் இரண்டு தரப்பும் அவனுக்கு மாறி மாறிக் காபி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். நேற்றைய காபி என்னுடையது.